செயற்கூற்று மொழிகளில் தடமறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. இரண்டும் ஊடைதோறும் பிணைக்கப்படுகின்றன. தறியில் மூன்று நாடாக்கள் ஓடும். ஒருபுறக் கரையின் நாடாவை எறியத் துணையாள் ஒருவர் நெசவாளருக்கு அருகில் அமர்வது மரபு. எங்கேனும் பிணைப்புத் தவறினால், புடவையை விரித்துப் பார்ப்பவர் அவ்விடத்தைக் கண்டுகொள்வார். ஜக்கார்டு பெட்டியில் சுழலும் அட்டை மாலையில் ஓர் அட்டையின் துளை பிழைத்திருந்தால், மாலை ஒரு சுற்று முடிக்கும்தோறும் உருவின் அதே இடத்தில் அப்பிழை மீண்டும் தோன்றும். நெய்யப்பட்ட துணி, தான் நெய்யப்பட்ட வரிசையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

நிரலின் விடையில் இத்தகைய பதிவு இல்லை. 120 என்னும் எண், ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்களின் பெருக்கத்தால் வந்ததா, நாற்பதை மூன்றால் பெருக்கியதால் வந்ததா என்பதை அவ்வெண்ணிலிருந்து அறிய இயலாது. எனவே நிரல் இயங்கும்போதே அதன் நடையைப் பதிவு செய்யும் கருவிகள் தேவைப்பட்டன. இச்செயலை இக்கட்டுரை ‘தடமறிதல்’ எனக் குறிக்கிறது. செயற்கூற்று மொழிகளின் வரலாற்றில், நோக்குபவர் எங்கே நிற்கிறார் என்பது மும்முறை மாறியுள்ளது. மூன்றாவது மாற்றத்தில் சென்னைக்கும் பங்குண்டு.

லிஸ்ப்: செயற்கூற்றின் வாயிலில்

ஜான் மெக்கார்த்தி 1958இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிஸ்ப் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். 1962இல் வெளிவந்த லிஸ்ப் 1.5 கையேட்டிலேயே தடமறிதல் வசதி இடம்பெற்றுவிட்டது. செயற்கூறுகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால், அவை அழைக்கப்படும்போது உள்ளே சென்ற மதிப்புகளும் வெளிவந்த மதிப்பும் அச்சாகும். 1966இல் வாரன் டைட்டல்மன் தம் முனைவர் பட்ட ஆய்வில் இதனை மேலும் விரித்தார். செயற்கூற்றின் உடலைத் தொடாமல், அதன் முன்னும் பின்னும் வேறு கட்டளைகளை இணைக்கும் ‘அறிவுரை’ முறை அவருடையது.

இவை எளிதாக இயன்றமைக்குக் காரணம் லிஸ்பின் மதிப்பீட்டு ஒழுங்கு. செயற்கூறு அழைக்கப்படுமுன் அதன் உள்ளீடுகள் முழுவதும் கணக்கிடப்பட்டுவிடும். வாயிலில் நின்று பார்ப்பவருக்குக் கைக்கு வந்த மதிப்பைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வேலையில்லை.

ஹாஸ்கல்: நோக்குவதே தலையீடாகும்போது

1990இல் முதல் வரையறை வெளியிடப்பட்ட ஹாஸ்கல் மொழி இந்த ஒழுங்கைக் கைவிட்டது. அதில் ஒரு மதிப்பு தேவைப்படும் வரை கணக்கிடப்படுவதில்லை. மேலும், ஒரு செயற்கூறு தன் விடையைத் தருவதைத் தவிரப் புறத்தே எதனையும் மாற்றாது என்பது அம்மொழி தரும் உறுதி. அச்சிடுதலோ புறத்தே நிகழ்வது.

ஆயினும் பிழை தேட வேண்டுமே! ஹாஸ்கலின் ‘டிரேஸ்’ என்னும் செயற்கூறு ஒரு செய்தியையும் ஒரு மதிப்பையும் ஏற்று, மதிப்பை அப்படியே திருப்பித் தருகிறது. கணித நோக்கில் அது எதையும் செய்யாத செயற்கூறு. நடைமுறையில் மொழியின் உறுதியை மறைவாக மீறி அச்செய்தியை அச்சிடுகிறது. இதன் விளைவுகள் தொடக்கநிலை மாணவரைத் திகைக்க வைப்பன. செய்திகள் நிரலில் எழுதப்பட்ட வரிசையில் வருவதில்லை. தேவைப்படாத பகுதியின் செய்தி வரவே வராது. முடிவிலாப் பட்டியலொன்றின் முதல் மூன்று உறுப்புகளை மட்டும் பயன்படுத்தும் நிரல் நொடியில் முடிந்துவிடும். அப்பட்டியலைப் பார்க்க விரும்பி முழுவதையும் அச்சிடச் சொன்னால் அதே நிரல் என்றும் முடியாது. நோக்கும் செயல் நோக்கப்படும் பொருளையே மாற்றிவிடுகிறது.

இச்சிக்கலுக்கு இரு விடைகள் எழுந்தன. யார்க் பல்கலைக்கழகத்தில் யான் ஸ்பாருட், காலின் ரன்சிமன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ‘ஹாட்’ என்னும் கருவி வளர்ந்தது. அது மூலநிரலை உருமாற்றி, ஒவ்வொரு மதிப்பும் தான் எக்கோவையிலிருந்து பிறந்தது என்பதைச் சுமந்து செல்லுமாறு செய்கிறது. நிரல் முடிந்தபின் தவறான விடையிலிருந்து பின்னோக்கி நடந்து பிழையின் பிறப்பிடத்தை அடையலாம். இதற்குரிய விலை, நிரலின் வேகக் குறைவும் பெருந்தடக் கோப்பும். மற்றொன்று ஆண்டி கில் 2000இல் அறிமுகப்படுத்திய ‘ஹூட்’. நிரல் தானாகக் கேட்ட பகுதிகளை மட்டுமே அது பதிவு செய்யும். கேட்கப்படாத பகுதிக்கு ஓர் அடிக்கோடு இட்டு நிறுத்திக்கொள்ளும். ஹாட் அளவுக்கு ஆழமானதன்று எனினும், நேர்மையில் ஹூட்டே மேம்பட்டது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிகழாததை நிகழாததாகவே காட்டும் துணிவு அந்த அடிக்கோட்டில் உள்ளது.

ஓகேமல்: நிரலுக்கு வெளியே

பல்கருச் செயலிகள் பரவியதும் கேள்வியே மாறியது. ‘இம்மதிப்பு எங்கிருந்து வந்தது?’ என்பதன் இடத்தில் ‘எந்தக் கரு எப்போது யாருக்காகக் காத்திருந்தது?’ என்பது வந்தது. ஹாஸ்கலில் 2009இல் தோன்றிய ‘திரெட்ஸ்கோப்’ இவ்வகையின் முன்னோடி.

எடின்பரோவில் ராபின் மில்னர் தலைமையில் உருவான எம்.எல். மரபில் வந்து, பிரான்சின் இன்ரியா நிறுவனத்தில் 1996இல் வெளியான ஓகேமல், கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நேரத்தில் ஒரு கருவிலேயே இயங்கிவந்தது. அதனைப் பல்கருவுக்கு உரியதாக்கும் பணி கேம்பிரிட்ஜில் தொடங்கியது. அப்பணியில் ஈடுபட்டிருந்த கே.சி. சிவராமகிருஷ்ணன் பின்னர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னைக்கு ஆசிரியராக வந்தார். அவரை முதலாசிரியராகக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வுரை இம்மாற்றத்தின் அடிப்படையை விளக்குகிறது. 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளிவந்தது.

இப்பதிப்பில் சிறுநினைவகத் தூய்மையின்போது கருக்கள் யாவும் ஒருங்கே நின்றாக வேண்டும். ஒன்று தாமதித்தால் ஏனையவை காத்திருக்கும். துணையாளின் நாடா வராமல் கோர்வைத் தறி அடுத்த ஊடைக்குச் செல்லாததைப் போல. தாமதித்தது எது என்பதைக் கண்டறிய, 5.0 பதிப்பில் இயக்கநேர நிகழ்வுப் பதிவு சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கருவின் இயக்கமும் தனக்கென ஒரு வளைய இடையகத்தில் நிகழ்வுகளை எழுதும். அந்நினைவகப் பரப்பை வேறொரு நிரல் வெளியிலிருந்து படிக்கலாம். இயங்கும் நிரலை நிறுத்தவோ மீண்டும் தொகுக்கவோ தேவையில்லை. 2023இல் வந்த 5.1 பதிப்பு, நிரலாளர் தம் சொந்த நிகழ்வுகளையும் இதில் சேர்க்க வழிசெய்தது.

வளையம் நிரம்பினால் பழைய நிகழ்வுகள் மேலெழுதப்படும். படிப்பவர் பின்தங்கினால், நிகழ்வுகள் தவறின என்பது மட்டும் அவருக்குத் தெரிவிக்கப்படும். மேலும், இப்பதிவு ‘எப்போது’ என்பதற்கு விடை தருகிறதேயன்றி, ‘ஏன் இம்மதிப்பு’ என்னும் ஹாட்டின் கேள்விக்கு விடை தருவதில்லை. ஆகவே பிந்தையது முந்தையதை வென்றது எனக் கொள்வதற்கில்லை.

தமிழ்ச் சூழல்

2019இல் வெளியான தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் இயல் செயற்கூறு பற்றியது. தூய செயற்கூறு, பக்க விளைவு ஆகியவை எம்.எல். குடும்பத்தை ஒத்த ‘லெட் ரெக்’ தொடரமைப்பில் அங்கு விளக்கப்படுகின்றன. ஐந்தாம் இயலிலிருந்து நூல் பைத்தானுக்குச் சென்றுவிடுகிறது. தமிழ்வழி மாணவர் தூய்மையை ஓர் இலக்கணமாகக் கற்கிறார். அத்தூய்மை பிழை தேடுபவருக்கு உண்டாக்கும் இடரை அவர் சந்திப்பதில்லை. ஹாஸ்கலை இளநிலைப் பாடமாகக் கற்பிக்கும் சென்னை கணிதவியல் கழகம் அமைந்துள்ள சிறுசேரி, 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கலைச்சொல்லாக்கத்தில் இவ்விடைவெளி உடனே புலப்படும். ஹூட்டின் அடிக்கோட்டையும் ஓகேமலின் தவறிய நிகழ்வையும் தமிழில் ‘பதிவின்மை’ என ஒரே சொல்லால் குறிக்கத் தோன்றலாம், அது பொருந்தாது. முன்னது நிகழவேயில்லை. பின்னது நிகழ்ந்தது, ஆனால் பதிவு அழிந்தது. முன்னதைக் ‘கேளாப் பகுதி’ என்றும், பின்னதைத் ‘தவறிய நிகழ்வு’ என்றும் வேறுபடுத்தி வழங்க இக்கட்டுரை முன்மொழிகிறது.