ஆஸ்பத்திரிக்குள் வந்த ஆறுமணிக்குருவி



செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒருநாள் காலை உங்கள் பால்கனி மூலையில் ஒரு புதுப் பறவை ஒடுங்கி உட்கார்ந்திருக்கலாம். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றின் அடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வால் மட்டும் வெட்டிவிட்டதுபோல் குட்டை. யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் விசிலடிப்பதுபோல் கூப்பிடுவதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது.

சென்னையோடு இதற்குள்ள உறவு, எழுத்தில் பதிவானதே 300 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, இங்குள்ள பறவைகளின் படங்களையும் உள்ளூர்ப் பெயர்களையும் லண்டனிலிருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். 1713-ல் வெளியான ஜான் ரேயின் நூலில் அவை பின்னிணைப்பாக அச்சாயின. அதில் ‘பொன்னுங்கி பிட்டா’ என்று வருவது நம் ஆறுமணிக்குருவிதான். தெலுங்கில் ‘பிட்ட’ என்றால் சிறு பறவை. 1766-ல் லின்னேயஸ் இதைக் காக்கைகளோடு சேர்த்து, ‘குட்டைவால் காகம்’ என்று பொருள்படும்படி லத்தீன் பெயர் வைத்தார். 1816-ல் வியேயோ என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பிரித்தெடுத்து, ‘பிட்டா’ என்பதையே பேரினப் பெயராக்கினார். ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இதன் உறவுப் பறவைகள் அனைத்துக்கும் இன்று அதுதான் பெயர்.

அடுத்தவரும் மருத்துவர்தான். 1836-ல் மதராசுக்கு வந்த தாமஸ் ஜெர்டன், இந்தப் பறவையை முதன்முதலில் பார்த்தது காட்டில் அல்ல. மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில். ஆமாம், இன்றும் சென்ட்ரல் எதிரே இருக்கும் அதே அரசுப் பொது மருத்துவமனை! அங்கே அது தஞ்சம் புகுந்திருந்தது. கோடைத் தொடக்கத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்க்க வலுவில்லாமல், குடிசை, கொட்டகை, கட்டடம் என்று கிடைத்த இடத்தில் நுழைந்துவிடுகிறது என்று தமது நூலில் அவர் எழுதினார். அது இரவில் வலசை போகும் பறவை, வழியில் களைத்து இறங்குகிறது என்பது இன்று நமக்குத் தெரியும்.

அன்றைய மதராசில் அது இறங்குவதற்குத் தோட்ட வீடுகள் இருந்தன. அவற்றில் பல இன்று நம்மைப் போன்றவர்கள் வசிக்கும் அடுக்குமாடிகள். மிஞ்சியவற்றில் முக்கியமானவை இரண்டு: கவர்னர் மாளிகையை ஒட்டிய காடாக இருந்து 1978-ல் தேசியப் பூங்காவான கிண்டி, 1882 முதல் பிரம்மஞான சபையிடம் இருக்கும் அடையாறு தோட்டம். ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். இந்த இரண்டு இடங்களிலும் சருகு இருக்கிறது. அதனால் அது வருகிறது. செந்தலைப் பூங்குருவியும் அரசவால் ஈப்பிடிப்பானும்கூடக் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. குழந்தைகளோடு கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனால், மரங்கள் அடர்ந்த ஓரத்தில் பத்து நிமிடம் சத்தமில்லாமல் நின்று பாருங்கள்.

நம் வளாகத்திலும் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, பின்மதிலோர மரத்தடியில் மட்டும் சருகைக் கூட்டாமல் விடுவது. கொசு வருமே என்ற கவலை நியாயம்தான். ஆனால் கொசு பெருகுவது தேங்கிய நீரில், காய்ந்த சருகில் அல்ல. நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமும் வழக்கம்போல் சுத்தமாகவே இருக்கட்டும். இரண்டாவது, வலசைக் காலத்தில் மொட்டைமாடியின் பெரிய விளக்குகளை இரவில் அணைத்துவைப்பது. வெளிச்சம் பறவையைத் திசைதிருப்பும்; கண்ணாடியில் மோதவைக்கும். மூன்றாவது, களைத்த பறவை கிடைத்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வைப்பது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காயமில்லை என்றால் தெளிந்தபின் அந்தியில் செடிகளுக்கிடையே விட்டுவிடுங்கள். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஜெனரல் ஆஸ்பத்திரியில் இடம் தேடிய பறவையின் சந்ததி இந்த ஆண்டும் வரும். அது வந்து இறங்கும் இரவில் நம் மரத்தடியில் கொஞ்சம் சருகு இருக்கட்டும்.