கிராதிக்குப் பின்னால் பாடியவர்கள்

வெனிஸ் நகரில் செயின்ட் மார்க் சதுக்கத்திலிருந்து கடலோரமாகக் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வெள்ளை முகப்புள்ள ஒரு தேவாலயம் வரும். பெயர் சாந்தா மரியா தெல்லா பியெத்தா. 'விவால்டியின் தேவாலயம்' என்று சொல்லித்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு அதைக் காட்டுகிறார்கள். இதில் ஒரு சிக்கல். ஜோர்ஜோ மஸ்ஸாரி வடிவமைத்த அந்தக் கட்டடத்தின் வேலை தொடங்கியதே 1745இல்தான். அந்தோனியோ விவால்டி 1741இலேயே வியன்னாவில் இறந்துவிட்டார். அவர் வேலை பார்த்த பழைய தேவாலயம் பக்கத்திலேயே இருந்தது, இப்போது இல்லை.

கட்டடம் போகட்டும். பியெத்தா அடிப்படையில் ஓர் அனாதைக் குழந்தைகள் இல்லம். 1346இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் முயற்சியில் தொடங்கியது. இல்லத்தின் சுவரில் கைக்குழந்தை நுழையும் அளவுக்கு ஒரு மாடம் இருந்தது. வளர்க்க முடியாத குழந்தையை அதற்குள் வைத்துவிட்டுத் தாய் இருட்டோடு போய்விடலாம். சில தாய்மார் ஒரு பதக்கத்தையோ படத்தையோ இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குழந்தையின் துணியில் முடிந்துவைத்து மறுபாதியைத் தாங்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். என்றாவது திரும்பி வந்தால் இரண்டையும் பொருத்திக் காட்டலாம் என்ற நம்பிக்கை. துணியின் நிறம் முதற்கொண்டு எல்லாவற்றையும் இல்லத்தின் பேரேட்டில் குறித்துவைத்தார்கள். குழந்தையின் உடம்பில் இல்லத்தின் முதலெழுத்தைச் சூடு போட்டுப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது.

இந்த வீட்டுக்குள் சங்கீதம் வந்தது பூசைக்காக. பிரார்த்தனை நேரத்தில் யாராவது பாட வேண்டும். இருக்கிற பெண்களே பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள் என்ற பேச்சு பரவ, பதினேழாம் நூற்றாண்டில் வெளியாட்கள் கேட்க வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் காணிக்கை போட்டார்கள். சிலர் உயிலில் சொத்து எழுதிவைத்தார்கள். இல்லத்தை நிர்வகித்த வெனிஸ் பிரபுக்கள் கணக்குத் தெரிந்தவர்கள். பாட்டு நன்றாக இருந்தால் தொட்டிலுக்குப் பால் வரும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. வெனிஸில் இப்படிப் பெண்களின் சங்கீதத்துக்குப் பேர்போன இல்லங்கள் நான்கு: பியெத்தா, மெந்திகாந்தி, இன்குராபிலி, ஒஸ்பெதலெத்தோ. நான்குக்கும் இடையே, இன்றைய சபாக்களுக்கு இடையே உள்ளதைப் போலவே, சத்தமில்லாத ஒரு போட்டி.

இல்லத்துப் பெண்கள் இரண்டு பிரிவு. பெரும்பாலோர் தையல், லேஸ் பின்னல், சமையல், துவையல் என்று வேலை பார்த்தவர்கள். குரலோ விரலோ வாய்த்த சிலர் மட்டும் 'கோரோ' என்ற இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? அதனால் வாத்தியமோ குரலோதான் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வயலின் வாசித்தவள் 'அன்னா மரியா தல் வியோலின்'. கீழ்ஸ்தாயி பாடியவள் 'அன்னா தல் பாஸோ'. வீணை தனம்மாள், புல்லாங்குழல் மாலி என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விநோதமாகப் படாது.

1703 செப்டம்பரில் இங்கே வயலின் வாத்தியாராகச் சேர்ந்தார் விவால்டி. வயது 25. அந்த வருஷம்தான் பாதிரியார் பட்டம் பெற்றிருந்தார். செந்நிற முடியால் 'சிவப்புப் பாதிரி' என்று ஊரே அழைத்தது. மூச்சுத் திணறலைக் காரணம் காட்டிச் சீக்கிரமே பூசை வைப்பதை விட்டுவிட்டார். சம்பளம் வருஷத்துக்கு 60 டுகாட். வேலை நிரந்தரமல்ல: ஆண்டுதோறும் நிர்வாகிகள் வாக்களித்துத்தான் நீட்டிப்பார்கள். 1709இல் ஒரே ஒரு வாக்கில், ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், அவருக்கு வேலை போயிற்று. 1711இல் திரும்ப அழைத்தார்கள். அவர் பயிற்றுவித்த மூத்த பெண்களே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிறகு வெளி வாத்தியாருக்கு எதற்குச் சம்பளம்? நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலே தன் வேலைக்குத் தானே உலைவைத்துக்கொள்கிற ஏற்பாடு அது.

வாத்தியம் கற்பிக்க வந்தவர் வாய்ப்பாட்டுக்கு எழுதத் தொடங்கியது ஒரு காலியிடத்தால். பாடகிகளுக்குப் பொறுப்பாக இருந்த பிரான்செஸ்கோ காஸ்பரினி 1713இல் விடுப்பில் போனார், போனவர் வரவேயில்லை. ஆனால் பண்டிகைகள் காத்திருக்குமா? புதுப் பாட்டு வேண்டும். விவால்டி எழுதித் தள்ளினார். ஒரு முழு மிஸ்ஸா (பூசைக்கான பாடல் தொகுதி), மாலைப் பூசைக்கான தொகுதி, ஓர் ஒரட்டோரியோ (நடிப்பில்லாமல் பாடும் சமயக் கதை), முப்பதுக்கு மேற்பட்ட மொட்டெட்டுகள் என்று கணக்குப் பார்த்து 1715இல் நிர்வாகிகள் அவருக்கு 50 டுகாட் சிறப்பு ஊதியம் கொடுத்தார்கள்.

மொட்டெட் என்பது அங்கே ஒரே பாடகிக்கான லத்தீன் பாட்டு. இரண்டு ஆரியாக்கள், நடுவே பேச்சுபோல ஒரு பகுதி, முடிவில் 'அல்லேலூயா'. அந்த 'அல்லேலூயா'வில்தான் பாடகியின் சரக்கு முழுக்க வெளிவரும்: ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பிருகாக்களாகப் பொழிய வேண்டும். எந்தத் தொண்டை எவ்வளவு வேகம் தாங்கும், யாருக்கு எந்த ஸ்வரத்துக்கு மேல் கிறீச்சிடும் என்பதெல்லாம் பக்கத்திலேயே இருந்து தெரிந்துகொண்டவருக்குத்தான் இப்படி எழுத வரும்.

அவர் எழுதும் வேகம் பிரசித்தம். பிரதி எடுப்பவர் ஒரு கன்செர்ட்டோவைப் படியெடுப்பதற்குள் தான் அதை இயற்றிவிடுவதாக அவரே பெருமையடித்துக்கொண்டதை, 1739இல் வெனிஸ் வந்த பிரெஞ்சுக்காரர் ஷார்ல் த ப்ரோஸ் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். அவசரத்துக்குக் கடன் வாங்கவும் கூச்சமில்லை. இன்று உலகமெங்கும் பாடப்படும் அவருடைய 'குளோரியா' என்ற துதிப்பாடலின் கடைசிப் பகுதி ஜோவான்னி மரியா ருஜ்ஜேரி என்பவரின் படைப்பிலிருந்து எடுத்துத் திருத்தியது. அந்தக் காலத்தில் அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை.

விவால்டியும் பியெத்தாப் பெண்களும் சேர்ந்து செய்த வேலையின் உச்சம் 1716ஆம் ஆண்டின் 'ஜூதித்தா திரியும்பான்ஸ்' என்ற ஒரட்டோரியோ. அந்தக் கோடையில் துருக்கியரின் முற்றுகையிலிருந்து கோர்ஃபு தீவைக் காப்பாற்றியிருந்தது வெனிஸ். வெற்றியைக் கொண்டாட பைபிளின் யூதித் கதையை எடுத்துக்கொண்டார்கள்: எதிரிப் படைத்தளபதி ஹொலோஃபெர்னஸின் கூடாரத்துக்குப் போய், அவன் குடித்துக் கிடக்கையில் தலையை வெட்டி எடுத்து வருகிறாள் ஒரு விதவை. யூதித் என்றால் வெனிஸ், ஹொலோஃபெர்னஸ் என்றால் சுல்தான் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதையில் ஆண்கள் மூவர். பாடியவர்கள் அனைவரும் பியெத்தாப் பெண்கள். கத்தரீனா யூதித், அப்பொல்லோனியா ஹொலோஃபெர்னஸ், பார்பரா அவனுடைய பணியாள் வாகௌஸ், ஜூலியா தலைமைக் குரு, சில்வியா தோழி.

வில்லனுக்குக் கர்ஜிக்கும் ஆண்குரல் கிடையாது. விவால்டி அவனைக் காமத்தில் கரைந்துபோன இளம் தளபதியாக, ஒரு பெண்ணின் கனத்த கீழ்க்குரலிலேயே வடித்தார். சூழலை வாத்தியங்களால் கட்டினார். யூதித் தன் தோழியை உடன்வரச் சொல்லும் பாட்டில், துணையைத் தேடும் காட்டுப்புறாவின் குமுறலைச் சலுமோ என்ற பழைய நாணல் குழல் எழுப்பும். வாழ்க்கை ஓடிப்போவதை அவள் சொல்லும்போது ஒரு மாண்டலின் சொட்டுச் சொட்டாகத் தட்டும். விருந்து தயாராகும் காட்சிக்கு தியோர்போ என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியங்கள் நான்கு. இத்தனை அபூர்வ வாத்தியங்களையும் வாசிக்க ஒரே கூரைக்குக் கீழே ஆள் இருந்தார்கள் என்பதால்தான் இப்படி ஓர் இசைக்கோவை பிறந்தது. பெரிய ஆப்பெரா அரங்குகளுக்கு எழுதியபோது விவால்டிக்கு இந்த வசதி இருக்கவில்லை.

சங்கீத ஆய்வாளர்களை வெகுநாள் குழப்பிய கேள்வி ஒன்றுண்டு. விவால்டியின் கூட்டுப் பாடல்களில் டெனார், பாஸ் என்று இரண்டு ஆண்குரல் வரிகள் இருக்கின்றன. பெண்கள் மட்டும் உள்ள வீட்டில் அவற்றை யார் பாடியது? வாத்தியார்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள் என்றுகூடச் சிலர் யூகித்தார்கள். ஆனால் இல்லத்தின் பதிவேடுகளில் 'தல் தெனோர்', 'தல் பாஸோ' என்ற அடைமொழியோடு பெண்களின் பெயர்களே இருக்கின்றன. டெனார் வரியைக் கனத்த குரலுள்ள பெண்கள் அப்படியே பாடியிருக்கிறார்கள். பாஸ் வரியில் எட்டாத இடங்களை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக்கொண்டால் போதும். அடியில் செல்லோவும் ஆர்கனும் அதே வரியைத் தாங்கி நிற்கும்.

கேட்டவர்கள் யாருக்கும் பாடியவர்கள் தெரிந்ததில்லை. மேல்மாடத்தில், இரும்புக் கிராதிக்குப் பின்னால் நின்று பாடினார்கள். நிழலாட்டம் மட்டும் தெரியும். கோயிலுக்குள் கைதட்டக் கூடாது என்பதால் ரசிகர்கள் இருமியும் காலைத் தரையில் தேய்த்தும் தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்தார்கள். பிரெஞ்சுத் தூதரின் செயலாளராக 1743இல் வெனிஸ் வந்த ரூசோ, மெந்திகாந்தி இல்லத்துக் குரல்களில் சொக்கிப்போய், அந்த 'அழகு தேவதை'களை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அழைத்துப் போனார்கள். ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. இன்னொருத்தியின் முகத்தை அம்மை உருக்குலைத்திருந்தது. முதலில் அதிர்ந்துபோனதையும், பேசிப் பழகிய பிறகு கிட்டத்தட்ட எல்லோர் மேலும் காதல் கொண்டதையும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த முகங்கள் எப்படி அந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தன என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

1723க்குள் விவால்டி ஐரோப்பாவில் பெயர் பெற்றுவிட்டார். ஊர் ஊராகப் பயணம். நிர்வாகிகள் ஒரு புது ஒப்பந்தம் போட்டார்கள். மாதம் இரண்டு கன்செர்ட்டோ, ஒன்றுக்கு ஒரு செக்கினோ தங்கக்காசு. ஊரில் இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு முறை நேரில் வந்து ஒத்திகை பார்த்துக்கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை கவனிக்கத்தக்கது. தாளைத் தபாலில் வாங்கிக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்க ஆள் வர வேண்டும் என்பதில் பியெத்தா கறாராக இருந்தது. 1729 வரை இந்த ஒப்பந்தப்படி அவர் 140க்கும் மேற்பட்ட கன்செர்ட்டோக்களுக்குப் பணம் வாங்கினார்.

பெண்களுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது; அதைக் கொடுமை என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொண்டு வெளியேறலாம், சீதனமும் கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு பொது மேடையில் பாடவோ வாசிக்கவோ மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் செலவழித்து வளர்த்த குரலை ஓர் ஆப்பெரா முதலாளி கொத்திக்கொண்டு போவதில் நிர்வாகத்துக்கு விருப்பமில்லை. பலர் கிராதிக்குப் பின்னாலேயே தங்கி, இளையவர்களுக்கு ஆசிரியையாகி, அங்கேயே முதிர்ந்தார்கள். விவால்டி கன்செர்ட்டோக்கள் எழுதிக்கொடுத்த அன்னா மரியா 1782 வரை, தன் வாத்தியார் போய் நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த இல்லத்திலேயே இருந்து இறந்தாள். 1797இல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு விழுந்தபோது இந்தக் கோரோக்களின் காலமும் சரிந்தது.

விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் 1920களின் இறுதியில் தூரின் நகரத் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. 1939இல் சியெனா நகரில் அல்ஃப்ரெதோ கசெல்லா 'குளோரியா'வை மறுபடி மேடையேற்றினார். அதன்பின் உலகெங்கும் ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களே அதைப் பாடி வந்தன. அண்மைப் பத்தாண்டுகளில்தான் சில குழுக்கள் பழைய முறைக்குத் திரும்பியிருக்கின்றன: பாஸ் வரி உட்பட நான்கு குரல்களையும் பெண்களே பாடுகிறார்கள்.