ஷெர்லியின் நிறம்

பழைய வர்ணப் புகைப்படங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிச் செப்பனிடுகிறார்கள். ஐம்பது வருஷம் ஆல்பத்தில் கிடந்த படத்தில் பெரும்பாலும் எல்லா முகங்களும் செங்கல் நிறமாகியிருக்கும். மஞ்சள், மஜெந்தாச் சிவப்பு, பச்சை கலந்த நீலம் என்று மூன்று சாயங்களால் ஆனது படம். அவை ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. இருட்டில் மூடி வைத்தாலும் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் நீலம் முந்திக்கொண்டு போய்விடும். போன நீலத்தை அளந்து கொடுத்தால் முகம் வந்துவிடாதா? வரும். ஆனால் அது யாருடைய நிறம்?

அமெரிக்காவில் கோடக் கம்பெனி விற்ற வர்ணப் பிலிமின் விலையிலேயே கழுவும் கூலியும் முன்பு சேர்ந்திருந்தது. 1954-ல் அரசாங்க வழக்கில் கம்பெனி இணங்கிப் போகவே, கழுவும் தொழில் வெளியாருக்கும் திறந்தது. எங்கோ ஓர் ஊரில் பிரிண்ட் போடுகிறவருக்கு நிறம் சரியா என்று தெரிய வேண்டுமே! அதற்காக ஒரு மாதிரிப் படம் அனுப்பினார்கள். அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். கம்பெனி ஊழியை, பெயர் ஷெர்லி. பிற்பாடு பெண்கள் மாறினாலும் அட்டையின் பெயர் மாறவில்லை. அவள் முகம் சரியாக விழுந்தால் யந்திரம் சரி.

மற்றவர் முகம்? வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூடப் படங்களில் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும்தான் மிஞ்சின. பெற்றோர் முறையிட்டார்கள். ஆனால் லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் பழைய கோடக் அதிகாரிகளை விசாரித்து 2009-ல் எழுதியதைப் பாருங்கள்: சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் செய்பவர்களும், 'எங்கள் சரக்கின் பழுப்பு பேதம் விழவில்லை' என்று புகார் செய்த பிறகே பிலிமைத் திருத்தும் வேலை சூடு பிடித்ததாம். தாய்மார் சொல் ஏறவில்லை. மேஜை நாற்காலியின் சொல் ஏறியது! பல இனத்துப் பெண்களை ஒன்றாக நிறுத்திய அட்டை 1990-களில்தான் வந்தது.

ஆகவே, அந்தப் பள்ளிக்கூடப் படத்தைச் செப்பனிடுகிறவர் முகத்தைத் தொட்டு ஆரம்பிக்கக் கூடாது. வெள்ளைச் சட்டைக் காலரையோ சாம்பல் நிறச் சுவரையோ முதலில் நேராக்கிக் கொள்ளட்டும். முகம் தானாகவே ஓரளவு தெளியும். அதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு: வெளுத்த சாயத்தை ஈடு செய்யலாம், பிலிமில் விழவே விழாத கன்னத்தை எப்படி மீட்பது? அங்கே தீட்டுவதெல்லாம் கற்பனைதான் - என் தொழில். அந்தப் பிள்ளையின் தம்பியோ தங்கையோ இருந்தால், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுத் தீட்டுவது நல்லது.