கில்கிட் வாய்க்காலில் ஒரு டாக்டர்

இந்த வாரம் கழுத்துக் கழலையைத் தடுக்கக் காங்ரா பள்ளத்தாக்கில் நடந்த உப்புச் சோதனை என்று சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு பழைய ராணுவ டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். அவரைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரர், இந்திய மருத்துவப் பணி (ஐ.எம்.எஸ்.) அதிகாரி. 1904 முதல் 1911 வரை காஷ்மீருக்கு வடக்கே கில்கிட் மலைப்பகுதியில் வேலை. அந்தப் பள்ளத்தாக்குகளில் கழுத்துக் கழலை சர்வசாதாரணம். கூடவே காது கேளாமல், பேச்சு வராமல், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். சில வீடுகளில் ஒருவருக்குப் பின் ஒருவராக. பார்க்கிறவர்கள் வம்சக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. 1896-ல் இங்கிலாந்தில் டாக்டர் பென்ட்ரெட் கண்ட இரண்டு சகோதரிகளுக்கும் இதே கழலை, இதே காது கேளாமை. அது நிஜமாகவே பரம்பரை நோய். பிரான்சில் மொரேல் என்ற மனநல மருத்துவர் 1857-லேயே இப்படிப்பட்டவர்களைச் 'சீரழிந்த வம்சம்' என்று முத்திரை குத்தியிருந்தார். என் கணக்கில் இந்தக் கதையின் வில்லன் அவர்தான்.

மெக்காரிசன் வம்சத்தை விட்டு வாய்க்காலைப் பார்த்தார். கில்கிட் ஊர்கள் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்துத் தண்ணீர் எடுத்தன. மேல் ஊரில் கழலை குறைவு. கீழே போகப் போகக் கூடியது. தனி ஊற்று இருந்த ஊரில் கழலையே இல்லை. அடுத்து மனுஷர் செய்ததுதான் கூத்து. அந்தத் தண்ணீரை வடிகட்டி, தங்கிய கசடைத் தானும் குடித்தார், முன்வந்த ஆட்களுக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்கவைத்த கசடைக் குடித்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கிருமிதான் என்று முடிவுகட்டி, தைமால் மருந்து கொடுத்துக் குடலைக் கழுவப் புறப்பட்டார்!

காரணம் தப்பு. மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லை. கர்ப்பிணிக்கு அது கிடைக்காவிட்டால் பிள்ளையின் மூளையும் காதும் வளராது. அடுத்த பிள்ளைக்கும் அதே தாய், அதே மண். பரம்பரை வேஷம் வந்தது இப்படித்தான். ஆனாலும் பழியைப் பிறப்பின் மேல் போடாத மனுஷரை எனக்குப் பிடிக்கும்.

இந்த வேஷத்துக்கு 'பீனோகாப்பி' என்று 1935-ல் பெயர் வைத்தவர் மரபியலாளர் கோல்ட்ஷ்மிட். வளரும் பருவத்துப் பழ ஈக்களுக்குச் சூடு காட்டியே, மரபணு மாறிய ஈக்களின் தோற்றத்தை வரவழைத்தார். அதே ஆண்டு மெக்காரிசன், தான் நடத்திவந்த குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அந்தக் கூடத்தில் 1947-ல் சேர்ந்த வி. ராமலிங்கசுவாமிதான் 1956-ல் காங்ராவில் அயோடின் உப்புச் சோதனையைத் தொடங்கியவர். பக்கம் தீர்ந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பகுதிக்கு மட்டும் அவர் சாதா உப்பு கொடுத்தது சரியா என்பதில் எனக்கும் அவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.