மாயூரத்துச் சேர்மன்

மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றதும் தமிழின் முதல் நாவல்தான் நினைவுக்கு வரும். அந்தப் புகழ், அவர் ஊருக்குச் செய்த காரியங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி ஜில்லா கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டு, 1857-இல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். அடுத்து சீர்காழி; பிறகு மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், 13 வருஷம்.

நிலம், கடன், பாகப்பிரிவினை என்று கோர்ட்டு ஏறிய குடியானவனுக்குத் தன் வழக்கை முடிவுசெய்யும் சட்டம் புரியாது. எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டு என்ற மேல்முறையீட்டுக் கோர்ட்டின் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று அச்சிட்டார். அவர் செய்தவற்றில் இதையே தலையாயது என்று சொல்லத் தோன்றுகிறது. நாவல் எழுத வேறு யாராவது வந்திருப்பார்கள். இதற்கு யார் வந்திருப்பார்கள்?

1872-இல் வேலையை விட்டார். மாயூரம் 1866-லேயே முனிசிபாலிட்டி ஆகியிருந்தது. தெரு, விளக்கு, சாக்கடை, வரி என்று ஊரார் தினமும் முட்டிக்கொள்ளும் விஷயங்கள் அதன் பொறுப்பு. அதற்குச் சேர்மனாக இருந்தார். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பெண்களுக்காகப் 'பெண்மதி மாலை' எழுதியவர் எழுத்தோடு நிற்கவில்லை.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சை ஜில்லாவில் மற்ற ஜில்லாக்கள் அளவுக்குப் பயிர் பொய்க்கவில்லை. ஆனாலும் அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. வயல் பக்கத்தில் இருந்தும் கூலியாள் பட்டினி கிடந்த கொடுமை அது. வேதநாயகம் பிள்ளை கைப்பொருளைப் போட்டுக் கஞ்சித் தொட்டி வைத்தார். பஞ்சம் நீங்க வேண்டிக் கீர்த்தனைகளும் பாடினார். ஆதனூர்ப் பண்ணையாள் நந்தனின் துயரத்தை 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி, இவருடைய கொடையைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். மடத்து வாசல்களை அறிந்த சைவர் ஒருவர் கிறிஸ்தவர் மேல் பாடியது அது. திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருக்கு நெருங்கிய நண்பர்கள்.

பஞ்சம் ஓய்ந்த மறுவருஷம், 1879-இல், அந்த முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழிலேயே வாதாட வேண்டும் என்று அதிலும் வழக்காடியிருக்கிறார். 1889-இல் அவர் காலமானார். கீழ்க் கோர்ட்டுகளுக்குத் தமிழ் சட்டப்படி வந்து சேர்ந்தது சுதந்திரத்துக்கும் பல வருஷம் கழித்துத்தான்.