திரையுடைப் படங்களும் பதிப்புரிமையும்

திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி இடைத்தேர்தல் 1973 மே 20ஆம் நாள் நிகழ்ந்தது. அதற்கு ஒன்பது நாள் முன்னர், எம்.ஜி.ஆர் தயாரித்து இயக்கி நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளிவந்தது. அரசியல் வரலாற்றார் இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது பிறிதொன்று: அத்தகைய படங்களின் உடையழகைக் காட்டும் நிழற்படங்களைத் தொகுத்துத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் இரசிகர்க்கு உள்ள உரிமை யாது?

அத்தொகுப்புகளில் இருவகைப் படங்கள் விரவிக் கிடக்கும். ஒன்று, படச்சுருளினின்றே பெயர்த்தெடுத்த காட்சி. மற்றொன்று, படப்பிடிப்பின்போது நிழற்படக் கலைஞர் தனியே எடுத்த ‘ஸ்டில்’. கண்ணுக்கு இவை ஒன்றே, சட்டத்துக்கு வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முன்னதைத் திரைப்படத்தின் படியாகவே கொள்கின்றது. ஆதலின் மேற்கூறிய படத்துக்குரிய 60 ஆண்டு எல்லை 2033 இறுதியில் முடியும். ஸ்டில்லுக்கும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்ற எல்லையே முன்பு இருந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியமையால், எடுத்தவர் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் என்றாயிற்று. படம் பொதுவுடைமையான பின்னும் அதன் ஸ்டில் உரிமைக்குட்பட்டு நிற்றல் கூடும் என்பது விந்தையே! எடுத்தவர் பெயரோ பெரும்பாலும் தெரியாது. இசைவு யாரிடம் கேட்பது?

ஆராய்ச்சிக்கெனத் தனியே ஒரு படி வைத்துக்கொள்வதைச் சட்டம் பொறுக்கும். பலர்க்கு வழங்குதற்கு அவ்விலக்கு எளிதில் எட்டாது. 2016இல் மறைந்த பிலிம் நியூஸ் ஆனந்தன் பல்லாண்டு திரட்டிய தொகுப்பைத் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. உடை வரலாறு எழுதுவார்க்கு அது பெருஞ்சான்று. எனினும் கைமாறியவை படங்களே. பதிப்புரிமையும் அவற்றோடு மாறிற்று எனக் கொள்வது பொருந்தாது.