வெண்கண்டல்: பசுங்கணிக மரபணுத்தொகை

மும்பையில் தாராவியை ஒட்டிய மாஹிம் கழிமுகச் சேற்றில் மிகுதியாக வளரும் அலையாத்தி மரம் வெண்கண்டல் (அவிசென்னியா மெரினா). ஏறத்தாழ 1.5 லட்சம் கார இணைகள் கொண்ட இதன் பசுங்கணிக டி.என்.ஏ. வளையத்தில், பெரும்பாலான பூக்குந் தாவரங்களைப் போலவே, ஒன்றுக்கொன்று தலைகீழாக அமைந்த இரு பிரதிகள் ஒரு பெரிய பகுதியையும் ஒரு சிறிய பகுதியையும் பிரிக்கின்றன. மெதுவாக மாறும் மரபணுத்தொகை என்பதால் பழைய உறவுகளைத் தேட உகந்தது. வெண்கண்டலை முன்பு வெர்பினேசி குடும்பத்திலோ தனிக் குடும்பமாகவோ வைத்தனர். 2002இல் ஷ்வார்ஸ்பாக், மெக்டேட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பசுங்கணிக, உட்கரு வரிசைகளை ஒப்பிட்டு அகாந்தேசி குடும்பத்தில் சேர்த்தனர். ஆக, மாட்டுங்கா பூக்கடைக் கனகாம்பரமும் இருமல் கஷாயத்து ஆடாதொடையும் இதற்குச் சொந்தம். தோற்றத்தை மட்டும் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். செம்பூருக்குக் கிழக்கே, தானே கடற்கழியில் வளரும் சோனரேஷியா என்ற அலையாத்தியோ மருதாணிக் குடும்பம். உப்புச்சேற்று வாழ்வு இரண்டுக்கும் தனித்தனியே வாய்த்தது.